குளிர்காலத்தில் பயிருக்கு உரம் கொடுப்பது எப்படி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் தோட்டத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ஜூன் பிறந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, கோஸ் இலை ஊதா நிறமாகிவிட்டது, வளர்ச்சியே இல்லை, இன்னும் கொஞ்சம் உரம் போடட்டுமா?" பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மண்ணில் சத்து இருக்கும். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக வளர்வதால் அந்தச் சத்து வேருக்கு எட்டாது, அவ்வளவுதான். அதனால் குளிர்கால உணவு என்பது ஜூன் மாதத்து வேலை இல்லை. பிப்ரவரியில் தொடங்க வேண்டிய வேலை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்து தோட்டம் போடுகிறவர்கள் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியோடு வருகிறார்கள். இங்கே ஆடி என்றால் குளிர்காலத்தின் நடு. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அந்தச் சூடு கைக்கு இதமாக இருக்கும் காலம். அந்த மாதத்தில் விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே கிடக்கும். இங்கே குளிர்காலப் பயிருக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் பட்டம்.

கீழே உள்ளவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் சிறு காய்கறி நிலங்களுக்கும் பொருந்தும். டர்பன் கடற்கரையில் உறைபனி கிடையாது; அங்கே இருப்பவர்கள் சில படிகளைத் தளர்த்திக்கொள்ளலாம். மூய் ரிவர் போன்ற மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு வெப்பமானி. சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி வெப்பமானியே போதும், கீழ் அளவுகளையும் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். காற்று எவ்வளவு குளிர் என்பதை வானிலை அறிக்கை சொல்லிவிடும். வேர் இருக்கும் இடத்தின் குளிரை இது மட்டும்தான் சொல்லும்.

அடுத்தது ஒரு சமையல் தராசு. புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதிகச் சேதம் தருவது கைப்பிடிக் கணக்குதான். ஒருவர் கைப்பிடி 40 கிராம், இன்னொருவர் கைப்பிடி 90 கிராம். ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். பழைய தயிர் டப்பாவில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உரத்துக்கு உரம் கனம் மாறும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா.

இவை தவிர நன்றாக மட்கிய மாட்டு எரு, 2:3:2 (22) கலப்பு உரம் (இந்த எண்களின் பொருள் ஐந்தாம் படியில்), எல்.ஏ.என். (28) என்னும் சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட், கொஞ்சம் கால்சியம் நைட்ரேட், உறைபனித் துணி ஆகியவை வேண்டும்.

2. இடம்: வடக்கு வெயிலைப் பிடியுங்கள்

இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்தில் தாழ்வாகப் போகும். தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து வருவதைப் பார்த்துப் பழகியவர்கள், வீட்டுக்குத் தெற்கே பாத்தி போட்டுவிட்டு நிழலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூனில் பகல் 10 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அதிலும் பாதி நேரம் சுவரின் நிழல் விழுந்தால் எந்த உரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

பாத்தியை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நம் பக்கத்துக் களிமண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்தே கிடக்கும். உயர்த்திய பாத்தியில் நீர் வடிந்து, காலை வெயிலில் மண் சீக்கிரம் சூடாகும். நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் இருப்பதால் இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நிலத்தின் அடிமட்ட மூலையில் கோஸ் நடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

3. பிப்ரவரி, மார்ச்: மண்பரிசோதனையும் சுண்ணாம்பும்

இந்தப் பகுதி மண் பெரும்பாலும் அமில மண். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரும் சேர்ந்தால் பயிருக்கு இரண்டு பக்கமும் அடி. ஹில்டனைத் தாண்டினால் வரும் செடாராவில் மாகாண வேளாண் துறையின் மண்வள ஆய்வகம் இருக்கிறது. பாத்தியின் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, அதில் ஒரு பங்கை அனுப்புங்கள்.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதை அந்த அறிக்கைதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் போட்ட அளவு உங்கள் மண்ணுக்கு ஆகாது. மக்னீசியமும் குறைவு என்று அறிக்கை சொன்னால் டோலமைட் சுண்ணாம்பு, இல்லாவிட்டால் சாதாரணச் சுண்ணாம்பு.

ஏன் மார்ச்சுக்குள்? சுண்ணாம்பு வேலை செய்ய ஈரமும் இரண்டு மூன்று மாதங்களும் வேண்டும். இங்கே மழை கோடையில்தான். ஏப்ரலோடு அது ஓய்ந்துவிடும். ஜூனில் காய்ந்த மண்மேல் தூவிய சுண்ணாம்பு செப்டம்பர்வரை வெள்ளையாக அப்படியே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தூவியதும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். கோழி எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும், மூக்கே சொல்லிவிடும்.

காலிஃபிளவர் போடுபவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அமில மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்சத்து வேருக்குக் கிடைக்காமல், இலையின் அகலம் போய் நடுநரம்பு மட்டும் சாட்டைபோல் நீளும். மே மாதத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு தேடி அலைந்தால் காலம் கடந்திருக்கும்.

4. ஏப்ரல் தொடக்கம்: மண் சூடாக இருக்கும்போதே எருவைச் சேருங்கள்

எருவில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் பயிர் குடிக்க முடியும். மண் 10 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். 5 டிகிரியை நெருங்கினால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது கிட்டத்தட்ட நின்றே போகும். ஜூனில் வண்டி வண்டியாக எரு போட்டுவிட்டுப் பயிர் பச்சையாகவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு நடப்பது இதுதான். அந்த எரு கெட்டுப்போகவில்லை. செப்டம்பரில் மண் சூடானதும் மொத்தமாக வேலை செய்யத் தொடங்கும். அப்போது கோஸ் அறுவடையாகியிருக்கும்.

சதுர மீட்டருக்கு மட்கிய க்ரால் எரு, அதாவது மாட்டுப்பட்டி எரு, 10 லிட்டர் வாளியில் ஒன்று. கோழி எரு என்றால் அதில் கால் பங்கு போதும், அதுவும் பல வாரம் குவித்து மட்கியதாக இருக்க வேண்டும். கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். காட்டு மண்ணின் வாசனை வந்தால் சரி. கண் எரிந்தால் இன்னும் பொறுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் வரும் பாத்திக்கு, அறிக்கையில் போரான் குறைவு என்றிருந்தால் மட்டும், 10 சதுர மீட்டருக்கு 15 கிராம் போராக்ஸைத் தண்ணீரில் கரைத்து ஒரே சீராகத் தெளியுங்கள். கூடினால் நஞ்சு. அடுத்து அதே பாத்தியில் பீன்ஸ் போடப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம், பீன்ஸ் போரானைத் தாங்காது.

5. மூட்டையில் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஒரு விஷயத்தில் தடுமாறாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊரில் 17:17:17 என்றால் ஒவ்வொன்றும் 17 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் மூட்டையில் 2:3:2 (22) என்று எழுதியிருந்தால் 2, 3, 2 என்பவை சதவீதம் அல்ல, விகிதம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 22தான் மொத்தச் சத்தின் சதவீதம்.

கணக்கு எளிது. 2, 3, 2 மூன்றையும் கூட்டினால் 7. தழைச்சத்து 22ல் ஏழில் இரண்டு பங்கு, சுமார் 6.3 சதவீதம். மணிச்சத்து ஏழில் மூன்று பங்கு, சுமார் 9.4. சாம்பல்சத்து (பொட்டாசியம்) மறுபடியும் 6.3. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஆக்சைடு கணக்கில் எழுதுவார்கள், இங்கே தனிமக் கணக்கில் எழுதுகிறார்கள். ஆகவே ஒரே எண்ணாக இருந்தாலும் இங்குள்ள உரத்தில் அந்த இரண்டும் அதிகம்.

போன வருடம் ஒரு தம்பி, 2 சதவீதம்தானே, பலமில்லாத உரம் என்று எண்ணி, சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் கொட்டிவிட்டார். மூன்றாம் நாள் காலை நான் போய்ப் பார்த்தபோது நாற்றுகளின் இலை ஓரம் காகிதம்போல் காய்ந்து மடிந்திருந்தது. ஒன்றைப் பிடுங்கினேன், வேர்நுனி முழுக்கப் பழுப்பு. கோடையாக இருந்தால் ஒரு நல்ல மழை அந்த உர உப்பைக் கழுவியிருக்கும். இங்கே குளிர்காலத்தில் மழை மிகக் குறைவு, போட்டது போட்ட இடத்திலேயே நிற்கும்.

6. நடும் நாள்: மணிச்சத்து வேரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்

மணிச்சத்து மண்ணில் நகர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், குளிரில் வேர் போகாது. அதனால் குளிர்காலப் பயிருக்கு மணிச்சத்தைப் பாத்தி முழுக்கத் தூவுவதைவிட, நாற்று வரிசைக்குப் பக்கத்தில் கோடாக வைப்பது நல்லது.

வரிசைக்கு 5 சென்டிமீட்டர் தள்ளி, நாற்றின் வேரைவிட 5 சென்டிமீட்டர் ஆழமாக ஒரு சால் கீறுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்ற கணக்கில் 2:3:2 (22) போட்டு மண்ணால் மூடுங்கள். பிறகு நடுங்கள், உடனே தண்ணீர் விடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. நட்ட பிறகு உரத்தைத் தண்டோடு ஒட்டிப் போட்டால் வேர் எரியும்.

பட்டாணிக்கு இதில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆனால் குளிரில் அது மெதுவாகத்தான் தொடங்கும், அதுவரை தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் அடியுரம் தேவை. ஆறு வாரம் கழித்து ஒரு செடியைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, இனி அதற்குத் தழைச்சத்து உரமே வேண்டாம்.

நாற்றுகள் ஏப்ரல் கடைசிக்குள், தாமதமானால் மே பாதிக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். மே மாதச் சூட்டில் வளர்ந்த வேரை வைத்துக்கொண்டுதான் ஜூலை முழுக்கப் பயிர் சாப்பிடும்.

7. மேலுரத்துக்கு முன் மண்ணைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

காலை எட்டு மணிக்கு, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைக் குத்தி இரண்டு நிமிடம் விடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். என் தோட்டத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு இது: 12 டிகிரிக்கு மேல் இருந்தால் வழக்கமான மேலுரம். 8 முதல் 12க்குள் இருந்தால் பாதி அளவு. 8க்குக் கீழே இருந்தால் ஒன்றும் வேண்டாம், தண்ணீரும் துணியும் போதும்.

மூன்று நாள் ஏன் என்று கேட்பீர்கள். பெர்க் காற்றினால்தான். குளிர்காலத்தில் திடீரென்று ஒரு நாள் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து சூடான, வறண்ட காற்று இறங்கும்; சட்டையைக் கழற்றலாம் போல் இருக்கும். அடடா, வசந்தம் வந்துவிட்டது என்று மூட்டையைப் பிரித்து உரம் போடுகிறார்கள். பெர்க் காற்றுக்குப் பின்னாலேயே பெரும்பாலும் குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரள், வரும். மறுநாள் தூறலும் நடுக்கமும். காற்று ஒரு நாளில் சூடானாலும் மண் அப்படிச் சூடாகாது. ஒரு நாள் கணக்கை நம்பினால் ஏமாறுவீர்கள்.

8. மேலுரம்: கொஞ்சம் கொஞ்சமாக, நைட்ரேட்டாக

குளிர்காலத்தில் யூரியாவை மண்ணில் போடுவதை நான் விட்டுவிட்டேன். யூரியா முதலில் அம்மோனியமாக மாறி, பிறகு நைட்ரேட்டாக வேண்டும். குளிர்ந்த மண்ணில் அந்த இரண்டாவது படிதான் நின்றுபோகிறது. எல்.ஏ.என். உரத்தில் 28 சதவீதம் தழைச்சத்து. அதில் பாதி ஏற்கெனவே நைட்ரேட்டாக இருக்கிறது, அதை வேர் அப்படியே எடுத்துக்கொள்ளும். கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்து சுமார் 15.5 சதவீதம்தான், ஆனால் ஏறக்குறைய முழுவதும் நைட்ரேட். விலை கூடுதல் என்பதால் மிகக் குளிர்ந்த வாரங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வேன்.

கோஸ், காலிஃபிளவர், ஸ்பினாச் ஆகியவற்றுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிராம் எல்.ஏ.என்., மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று முறை. கோடையில் ஒரே தடவை 30 கிராம் போட்டவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். மெதுவாகச் சாப்பிடும் பயிருக்கு மெதுவாகத்தான் பரிமாற வேண்டும். முழுதாகக் கொட்டினால் மிச்சம் உப்பாக நின்று வேரை வாட்டும். அதோடு, தழைச்சத்து அதிகமான இலை தண்ணீர் ஏறி மெத்தென்று இருக்கும். உறைபனி முதலில் கடிப்பது அந்த இலையைத்தான்.

தூவும்போது இலைமேல் குருணை தங்கக்கூடாது. கோஸ் குருத்துக்குள் விழுந்த ஒரே ஒரு குருணைகூட அங்கே ஓட்டை போடும். தூவி முடித்ததும் ஒரு மெல்லிய குச்சியால் இலைகளைத் தட்டிவிட்டு, லேசாகக் கொத்தி, தண்ணீர் விடுங்கள்.

பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் ஆகஸ்டோடு தழைச்சத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் தாள் தடித்து, குமிழ் முற்றாமல், அறுத்த பிறகு சீக்கிரம் அழுகும்.

உரங்களைக் கரைத்து ஊற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட் உரத்தோடும் எப்சம் உப்போடும் (மக்னீசியம் சல்பேட்) ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக அடியில் படியும். படிந்தது பயிருக்குப் போகாது, பூவாளியின் துளையையும் அடைக்கும்.

9. தண்ணீர், மூடாக்கு, உறைபனி

மழை குறைந்த குளிர்காலத்தில் உரத்தை வேரிடம் கொண்டுபோவது நீங்கள் விடும் தண்ணீர்தான். காலை பத்து, பதினொரு மணிக்கு விடுங்கள். விடியற்காலையில் வெளியே நிற்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் பனிபோல் இருக்கும், மண்ணை மேலும் குளிர்விக்கும். சாயங்காலம் விட்டால் இலை ஈரத்தோடு இரவைக் கழிக்கும், நோய்க்கு அழைப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வழக்கத்தைவிடத் தாராளமாக விட்டால் தேங்கிய உப்பு கீழே இறங்கும்.

மூடாக்கைப் பற்றி நான் பலரோடு வாதாடியிருக்கிறேன். கோடையில் வைக்கோல் மூடாக்கு தெய்வம். ஜூன், ஜூலையில் அதே வைக்கோல் பகல் வெயிலை மண்ணில் இறங்கவிடாது. இரவில் மண்ணின் சூட்டைச் செடிக்கு ஏறவும் விடாது. ஈரமான, மூடாத மண் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தரும். ஆகவே உறைபனி விழும் இடங்களில் மே கடைசியில் மூடாக்கை வரிசைகளுக்கு நடுவே ஒதுக்கிவிடுங்கள். வைக்கோலைக் கொத்தி மண்ணுக்குள் தள்ளிவிடவும் வேண்டாம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

வானம் தெளிந்து காற்றில்லாத இரவு என்றால், அன்று பகலிலேயே மண்ணை நனைத்து, வெயில் சாயும் முன் துணியால் மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் சூடு போய்விட்டிருக்கும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பனி கடித்துவிட்டதா? உடனே உரம் போடாதீர்கள், கருகிய இலையை வெட்டவும் வேண்டாம். கருகிய இலை கீழே உள்ள குருத்துக்குப் போர்வை. புது இலை இரண்டு தெரியும்வரை பொறுத்து, பிறகு பாதி அளவு மேலுரம்.

10. இலைவழி உணவு எப்போது உதவும்

மண் 8 டிகிரிக்குக் கீழே கிடக்கும் வாரங்களில் பயிரை விழாமல் தாங்கிப் பிடிக்க இது உதவும். முழுச் சாப்பாடு ஆகாது. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பையூரெட் (இலையைக் கருக்கும் மாசு) குறைந்த தெளிப்பு யூரியா. கோஸ் இலையில் மெழுகு இருப்பதால் தண்ணீர் முத்தாக உருண்டு விழும். ஒட்டுத் திரவம் சில சொட்டு சேருங்கள்.

கோடையில் விடியலிலோ சாயங்காலத்திலோ தெளிக்கச் சொல்வோம். குளிர்காலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்: பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை பத்துக்கும் மதியத்துக்கும் நடுவே. இலை சூடாக இருந்தால்தான் உள்ளே வாங்கும், இரவுக்குள் காயவும் வேண்டும்.

கெல்பாக் போன்ற கடற்பாசிச் சாற்றை நாற்று நடும் நேரத்தில் நானும் பயன்படுத்துகிறேன். அது வேர் வளர்ச்சியைத் தூண்டும். அதையே உரமாக எண்ணி மற்றதை நிறுத்திவிடாதீர்கள்.

11. இலையைப் பார்த்து முடிவெடுப்பது

அடி இலைகளின் அடிப்புறமும் நரம்பும் ஊதாவானால் மணிச்சத்து எட்டவில்லை என்று பொருள். ஆறாம் படியைச் சரியாகச் செய்திருந்தால் காத்திருங்கள், மண் சூடானதும் நிறம் திரும்பும். சிவப்புக் கோஸ் போன்ற வகைகள் இயல்பிலேயே ஊதா, அதற்குக் கலங்க வேண்டாம்.

அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இதற்கு மட்டும்தான் மேலுரம் உடனே பலன் தரும். நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக அடி இலையில் தெரிந்தால் மக்னீசியம். 10 லிட்டருக்கு 100 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துத் தெளியுங்கள். அதே அடையாளம் எலுமிச்சையின் இளம் இலையில் தெரிந்தால் குளிர்ந்த வேர் இரும்பை எடுக்கவில்லை என்று நினைத்துப் பொறுத்திருங்கள். செப்டம்பரிலும் அப்படியே இருந்தால் அப்போது மருந்து தேடலாம்.

12. ஆகஸ்ட் கடைசி: மறுபடி தொடங்குவது

காலை எட்டு மணி அளவு தொடர்ந்து ஒரு வாரம் 12 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான அளவுக்குத் திரும்பலாம். ஒரே நாளில் தாவாதீர்கள். ஏப்ரலில் போட்ட எருவின் மிச்சமும் இப்போதுதான் விழிக்கும், இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து மிஞ்சும். எலுமிச்சைக்கு முதல் உரம் இந்த நேரத்தில், தண்டிலிருந்து தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில்.

கறிவேப்பிலையும் முருங்கையும் வேறு ரகம். ஜூலையில் கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்ந்தால் பலருக்கு மனசு தாங்காது. வாசலில் அம்மா வைத்த மரமாக இருக்கும். உரம் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அது சாகவில்லை, தூங்குகிறது. அந்த நேரத்தில் உரம் வைத்தால் துளிர் வந்து, அடுத்த பனியில் கருகும். தண்ணீரையும் குறைத்துவிடுங்கள். செப்டம்பர் பாதியில் கிளை நுனியில் செம்பழுப்பாக அரிசி அளவு மொட்டு தெரியும். அன்றைக்கு ஒரு வாளி மட்கிய எருவை மரத்தைச் சுற்றிப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.